நேர்ஸ் என்று போடவேண்டாம் என்றேன்

தம்பி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ சுகம், மருமகள் சுகம், பேத்தியின் தடிமன் மாறிவிட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். உன் வீடு இருக்கிற ஸ்ரௌவ்விலிலிருந்து நான் இருக்கிற மல்வேர்னுக்கு ஒரு நாளும் தவறாமல் போன் எடுக்கிற பிள்ளை நீ. ஆனால் நான் சொல்லவேண்டிய கதையைத் தொடங்கினால், "பரவாயில்லை அம்மா, விடுங்கோ" என்று சொல்லிப் பேத்தியிடம் போனைக் கொடுத்துவிடுவாய். அவளுடைய மழலையைக் கேட்டதும் நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் நீ குறுக்கே பேசமுடியாதபடி எழுதுகிறேன். முதலில் இது உன் கைக்கு வரும். பிறகு எங்கள் ஊர்ச் சங்கம் போடும் ஆண்டு மலருக்குக் கொடுப்பேன். உனக்கு அது வெட்கமாக இருக்கலாம். ஆனால் நான் உனக்குச் செய்ததை ஊர் பார்க்கச் செய்தேன். சொல்வதையும் ஊர் கேட்கத்தான் சொல்லவேண்டும்.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமைக்குள் நீ பழைய ஐ.சி.யு. வேலைக்குத் திரும்புகிறாயா இல்லையா என்று அந்தப் பிரிவின் பொறுப்பாளருக்குப் பதில் சொல்லவேண்டும். திரும்பினால்தான் அமெரிக்காவில் மயக்க மருந்து நேர்ஸ் படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்க உனக்கு வழி உண்டு. நீ இல்லை என்று சொல்ல முடிவெடுத்துவிட்டாய். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என்னுடைய குசினியில் நின்றபடி நான் கேட்டேன். அந்த "இல்லை"க்குள் இருப்பது நான்தான் என்பதும் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே போனை எடுத்து "அம்மா சாப்பிட்டனீங்களோ" என்று கேளாதே. முழுவதையும் வாசி.

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. படிப்புக்குப் பதிலாகக் கடவுள் எனக்கு ஞாபகத்தைக் கொடுத்தார். அதை நல்லதுக்குப் பாவித்தேன் என்று சொல்லமாட்டேன். யார் எந்தக் கலியாணவீட்டில் என்ன சொன்னார்கள், அப்போது என்ன உடுத்திருந்தார்கள், பக்கத்தில் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கண்முன்னே நிற்கும். நீயும் கொப்பரும் அதை வைத்து என்னைப் பகிடி பண்ணியிருக்கிறீர்கள். "அம்மாவோடை கோவிச்சால் ஆயுள் தண்டனைதான்" என்று நீ மருமகளுக்குச் சொன்னதும் எனக்குத் தெரியும். சரியாகத்தான் சொன்னாய்.

உன்னுடைய மாமி, கொப்பரின் மூத்த சகோதரி, அவ சொன்ன ஒரு வசனத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. நீ அப்போது நேர்சிங் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். நீ யூனிவேர்சிற்றிக்குப் போன நாளிலிருந்தே நான் வெளியில் யாருக்கும் நேர்சிங் என்று சொன்னதில்லை. "ஹெல்த் சயன்ஸ்" என்பேன். அது என்னவென்று எனக்கே தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது, அதனால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அன்றைக்கு உன்னுடைய மாமி கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை உடுத்திருந்தா. நான் வடைத் தட்டோடு நிற்கிறேன். நாலு பெண்களுக்கு நடுவில் வைத்துக் கேட்டா:

"என்ன, உம்மடை பெடியன் ஆஸ்பத்திரியிலை கிழடுகளுக்கு மூத்திரச் சட்டி எடுக்கிறானாம், உண்மையோ?"

பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஆம்பிளைப் பிள்ளையளும் இப்ப உதுக்குப் போகினமோ?" என்று கேட்டா. மாமி சொன்னா, "இடம் கிடைச்சவை டொக்டருக்குப் போகினம், கிடையாதவை என்ன செய்யிறது, பாவம்." அந்தப் "பாவம்"தான் என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இரக்கப்பட்டவளுக்கு நான் என்ன சொல்ல? "என்ரை மகன் உயிர் காக்கிற வேலை செய்யிறான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அது சும்மா கொஞ்ச நாளைக்குத்தான் மச்சாள், அவன் மேலை படிக்கப் போறான்" என்று சொன்னேன். அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காக உன்னுடைய வாழ்க்கையைத் திருப்பினேன்.

அந்த நேரம் நீ எனக்கு ஒளித்து எதையும் செய்யவில்லை. இதை நான் எழுதியே ஆகவேண்டும். ஐ.சி.யு.வுக்கு மாறிய பிறகு ஒரு காலை, இரவு வேலை முடிந்து நேரே என்னிடம் வந்தாய். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினாய். ஒரு மனுஷனுக்கு மூச்சு மெஷினைக் கழற்றினார்களாம். அவர் தானாக மூச்சு விடும்வரை நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாயாம். பிறகு சொன்னாய்:

"அம்மா, எனக்கு அடுத்ததா என்ன செய்யவேணுமெண்டு தெரிஞ்சிட்டுது. அமெரிக்காவிலை நேர்ஸ்மாரே மயக்க மருந்து குடுக்கினம். அதுக்கெண்டு தனிப் படிப்பு. இஞ்சை அப்பிடிக் கிடையாது, அங்கைதான் போகவேணும். ஆக்களை நித்திரையாக்கி, அவை திரும்ப எழும்பும்வரைக்கும் தலைமாட்டிலையே நிக்கிறது."

"அதுக்குத்தானே டொக்டர்மார் இருக்கினம்," என்றேன். "நீ ஏன் அவைக்கு எடுபிடி?"

"எடுபிடி இல்லையம்மா. மூச்சையும் பிறஷரையும் பிடிச்சு வைச்சிருக்கிறதே அந்த ஆள்தான்."

"நேர்ஸ் எண்டுதானே கடைசியிலையும் சொல்லுவினம்?"

"ஓம்," என்றாய். "நேர்ஸ்தான்."

அந்த முகத்தின் வெளிச்சத்தை அணைத்தது நான் கேட்ட கேள்வி. நீ தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிவைத்துவிட்டுப் போனாய். அந்தப் படிப்புக்கு என்ன தேவை என்று நீ அப்போதே விசாரித்து வைத்திருந்தாய். நேர்சிங் பட்டம் உன்னிடம் இருந்தது. ஐ.சி.யு. அனுபவம் சேர்ந்துகொண்டிருந்தது. கெமிஸ்ரியில் பழைய புள்ளி போதாது, அந்த ஒரு பாடத்தை மறுபடி எடுக்கவேண்டும். அங்கத்தைய லைசென்ஸ் எடுக்கவேண்டும். எல்லைக்கு அங்கால் போய் ஒரு மயக்க மருந்து நேர்ஸோடு கூட நின்று வேலையைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். பாதி வழிக்கு மேல் நீ வந்துவிட்டாய், எனக்குத்தான் அது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பொய். நீ சொன்னாய், நான் காதில் போடவில்லை.

என் காதில் இருந்தது "மாஸ்ரர்ஸ்" என்ற ஒரு சொல்தான். உன்னுடைய மாமி, தன் மகள் மாஸ்ரர்ஸ் முடித்த படத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருந்தா. சப்பாத்தைக் கழற்றும்போதே அதைத்தான் பார்க்கவேண்டும். எந்த மாஸ்ரர்ஸ், அதைப் படித்தால் என்ன வேலை என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் ஒரு மாஸ்ரர்ஸ் இருக்கிறது, அதை முடித்தால் மனேஜர் ஆகலாம், அறையும் கதிரையும் கிடைக்கும் என்று யாரோ கோயிலில் சொல்லக் கேட்டேன். அதைப் பிடித்துக்கொண்டேன். நீ சிரித்தாய். "அம்மா, நான் போற பக்கத்துக்கு அது உதவாது. அது வேறை ரோட்டு" என்றாய். நான் விடவில்லை. நீ வீட்டுக்கு வந்தால் கதை அதுதான். வராவிட்டால் போனில் அதுதான். பகலில் நீ தூங்கும் நேரம் பார்த்து எடுத்து, "ஆந்தை மாதிரிப் பகலிலை படுக்கிற வேலையைச் செய்யிறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்று கேட்டிருக்கிறேன்.

அப்படியும் நீ மசியவில்லை. அதன் பிறகு நான் செய்ததுதான் பாவம்.

கொப்பரின் திவசம். படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த எல்லாம் வைத்துப் படைத்திருந்தேன், ஒடியல் கூழும் ஒரு கிண்ணத்தில் இருந்தது. நீ வேட்டி கட்டிக்கொண்டு கற்பூரம் கொளுத்தக் குனிந்தாய். அந்த நேரம் பார்த்து உன் கையைப் பிடித்தேன். "அப்பாவின்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லு, அந்த மாஸ்ரர்ஸைப் படிக்கிறன் எண்டு சொல்லு. அவர் காணாததை நானாவது காணவேணும்" என்றேன். நீ படத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். கையில் இருந்த நெருப்புப்பெட்டியைப் பார்த்தாய். "சரியம்மா" என்றாய். பிறகுதான் கற்பூரம் எரிந்தது.

கொப்பர் உயிரோடு இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பார். வெக்ஸ்போர்ட்டில் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி வந்த மனுஷன் அவர். வேலைக்கு மேல் கீழ் என்று அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. "பெடியன் விரும்பினதைச் செய்யட்டும், உனக்கென்ன" என்பார். அவர் சொல்லியிருக்கவே மாட்டாத ஒன்றை, அவர் பேசமுடியாத நேரத்தில், அவர் பெயரால் வாங்கினேன். எனக்குப் பகையானவர்கள்கூட எனக்கு இப்படி ஒன்று செய்ததில்லை.

நீ வாக்குக் கொடுத்தால் மீறமாட்டாய். ஐ.சி.யு.வை விட்டாய். இரவு வேலையோடு அந்தப் படிப்புச் சரிவராது என்று ஒரு ஒஃபீஸ் வேலைக்கு மாறினாய். பட்டம் வந்தது. மனேஜர் ஆனாய். கதிரையில் நீ இருக்கிற படத்தை நான் கேட்டு வாங்கி, மாமிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவ ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பினா. அதற்காகவும் நான் அவவோடு கோபம்.

பிறகு உன்னுடைய கலியாணம். எங்கள் ஆட்களுக்குக் கலியாணக் கார்டில் பெயருக்குக் கீழே பட்டத்தைப் போடவேண்டும். போடாவிட்டால் பிள்ளை படிக்கவில்லை என்று நினைப்பார்கள். நீ எழுதிக் கொடுத்த துண்டில் உன்னுடைய நேர்சிங் பட்டத்தையும், தாதி என்பதையும் முதலில் எழுதி, மாஸ்ரர்ஸைப் பிறகு எழுதியிருந்தாய். அச்சகத்துக்கு நானும் நீயும் மருமகளும் போனோம். அங்கே இருந்த தம்பி கணினியில் கார்டைக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன்.

"தம்பி, இந்த முதல் வரியை எடுத்துவிடும்," என்றேன்.

"எதை அன்ரி? தாதியையோ?"

"ஓம். நேர்ஸ் எண்டு போடவேண்டாம். மாஸ்ரர்ஸும் மனேஜரும் காணும்."

அவர் உன்னைப் பார்த்தார். மருமகள் உன்னைப் பார்த்தாள். அப்போது அவள் நம் வீட்டுக்குப் புதிது, என்றாலும் மெல்லக் கேட்டாள்: "ஏன் மாமி, அது இவர் செய்த வேலைதானே?" நான், "உமக்கு எங்கடை ஆக்களைத் தெரியாது பிள்ளை" என்றேன். நீ, "அம்மா சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ அண்ணை" என்று அச்சகத் தம்பிக்குச் சொல்லிவிட்டு, வெளியே போய்க் காருக்குள் இருந்தாய். கலியாணத்துக்கு ஐ.சி.யு.விலிருந்து உன்னோடு வேலை செய்த பிள்ளைகள் ஒரு மேசை நிறைய வந்திருந்தார்கள். அதில் ஒரு தமிழ்ப் பிள்ளை என் காலில் விழுந்து கும்பிட்டு, "அன்ரி, எங்களுக்கு வேலை பழக்கினது உங்கடை மகன்தான்" என்றாள். கார்டை அந்தப் பிள்ளையும் வாசித்திருப்பாள். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு லட்டு வைத்தார்களா என்று பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மயக்க மருந்துப் படிப்புக்கு நீ விண்ணப்பித்ததை நான் அறியவில்லை. போன வருஷம் ஒருநாள் நீ வந்து, சாப்பிடாமல், என்னுடைய சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தாய். "என்னடா, தலையிடியோ?" என்று கேட்டேன். "ஓம் அம்மா" என்றாய். அது தலையிடி இல்லை என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் மூவரும் வந்திருந்தீர்கள். நான் இறால் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடும்போது நீ சொன்னாய், ஐ.சி.யு.வில் உன்னோடு வேலை செய்தவ இப்போது அங்கே பொறுப்பாளர், திரும்பி வருகிறாயா என்று கேட்கிறா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும் என்று. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். மருமகளும் பார்த்தாள். முப்பது கடந்து, வீடு வாங்கி, ஒரு பிள்ளைக்குத் தகப்பனான நீ, சோற்றில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாய். நான் என்ன சொன்னேன்?

"கதிரையை விட்டிட்டுத் திரும்பவும் கட்டில் துடைக்கப் போறியோ?"

மருமகள் எழும்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். நீ, "யோசிக்கிறன் அம்மா" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் இருந்ததை முடித்தாய். என் மனம் நோகக்கூடாது என்பதற்காக அந்த இறாலை விழுங்கினாய்.

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் பக்கத்து ரவுண்ஹவுஸ் வீட்டுப் பிள்ளை வந்தாள். நேர்சிங் கடைசி வருஷம். நீ வருகிறாய் என்று அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். நீங்கள் இருவரும் முன்னறையில் இருந்தீர்கள், நான் குசினியில் அவளுக்கு வாய்ப்பன் பொரித்துக்கொண்டு நின்றேன். அவளும் அந்த மயக்க மருந்துப் படிப்பைத்தான் கேட்க வந்திருந்தாள். உன்னுடைய குரல் மாறியது. எனக்கு அந்தக் காலைத் தேத்தண்ணி ஞாபகம் வந்தது, அவ்வளவு உற்சாகம்.

"அண்ணா, நான் முதல் மாஸ்ரர்ஸ் செய்யட்டோ? லைக், அது அப்ளிகேஷனுக்கு நல்லாயிருக்கும்தானே?"

"வேண்டாம். சொல்லுறதைக் கேள். பேருக்குப் பின்னாலை எழுத்துக் கூடினால் கிட்டப் போறம் எண்டு நினைக்காதை. அவை பார்க்கிறது கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்ட காலத்தை. நேரே ஐ.சி.யு.வுக்குப் போ. நல்லா வருத்தம் கூடின ஆக்கள் வாற இடமாப் பார்த்துப் போ. கெமிஸ்ரியை இப்பவே நல்லாச் செய், பழசாகினால் திரும்ப எடுக்கச் சொல்லுவினம். ஐ.சி.யு.வை விட்டு விலகாதை. விலகினால் அந்த அனுபவமும் பழசாகிப்போம்."

"அப்ப நீங்கள் ஏன் மாஸ்ரர்ஸ் செய்தனீங்கள்?"

நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். இப்போது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன்.

"அது என்ரை விசர் முடிவு," என்றாய். "அந்த நேரம் எனக்கு யோசனை காணாது. போன வருஷம் இன்ரவியூவிலை கேட்டினம், உங்கடை மாஸ்ரர்ஸ் நல்லது, ஆனால் ஒரு நோயாளியின்ரை மூச்சை நீங்கள் கடைசியாப் பார்த்தது எப்ப எண்டு. இடம் தரேல்லை."

"திரும்பிப் போகலாம்தானே அண்ணா?"

"கேட்டவை. நோ எண்டுதான் சொல்லப்போறன். அம்மாவுக்கு வயசு போட்டுது, திரும்பவும் இதுக்குள்ளை அவவை இழுக்க விருப்பமில்லை. நீ போ. நீ போனால் எனக்குக் காணும்."

வாய்ப்பன் கருகியது. நீ உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, மணக்குது" என்றாய். நான் அடுப்பை அணைத்தேன். நான் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. உன்னுடைய பெயரைக் கெடுத்து என்னுடைய பெயரைக் காப்பாற்றினாய், அதுவும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னால். நீ ஒரு சொல் என்னைக் குறை சொல்லியிருந்தால் நான் உன்னோடு சண்டைக்கு வந்திருப்பேன், எனக்கு அது தெரிந்த வேலை. குறை சொல்லாத பிள்ளையோடு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை உன்னுடைய மாமிக்குப் போன் எடுத்தேன். நானாக எடுத்து வருஷக் கணக்காகிறது. சுகம் விசாரிக்காமல் நேரே கேட்டேன்.

"மச்சாள், நீங்கள் அந்தச் சாமத்தியவீட்டிலை என்ரை மகனைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்குதோ? சட்டி எடுக்கிறான் எண்டு?"

"எந்தச் சாமத்தியவீடு?"

"நீங்கள் கத்தரிப்பூச் சேலை உடுத்து வந்தது."

"என்னட்டைக் கத்தரிப்பூச் சேலையே இல்லையப்பா. நான் ஏன் அப்பிடிச் சொல்லுறன்? சொல்லியிருந்தால் பகிடிக்குச் சொல்லியிருப்பன். இதை இவ்வளவு காலமும் கட்டிக்காத்து வைச்சிருக்கிறீரோ?"

சேலை இருந்தது. சொன்னதும் உண்மை. ஆனால் அவவுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை, குரலில் எனக்குத் தெரிந்தது. அவ மறந்துவிட்டுத் தன் பாட்டுக்கு வாழ்ந்திருக்கிறா. அந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்வதற்காக நான் உன்னைத் திருப்பி, படிக்கவைத்து, கதிரையில் இருத்தி, கார்டில் அச்சடித்து, இவ்வளவும் செய்திருக்கிறேன். கேட்டவளே இல்லாத பதில்.

"மச்சாள், என்ரை மகன் நேர்ஸ்," என்றேன். என் வாயால் முதல்முறை. "ஐ.சி.யு. நேர்ஸ். திரும்பவும் அங்கைதான் போகப்போறான். பிறகு மயக்க மருந்து குடுக்கிற நேர்ஸுக்குப் படிக்கப்போறான்."

"ஓம், நேர்ஸ்தானே, எனக்குத் தெரியும்தானே. நல்லதாப் போச்சு. அவனைக் கேட்டுச் சொல்லும், உந்த எமேர்ஜென்சியிலை எந்த நேரம் போனால் சனம் குறைவு? இவருக்குப் போன கிழமை ஒரு பகல் முழுக்கக் காக்கவேண்டிப் போச்சு."

அவ்வளவுதான் தம்பி. அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் பயந்தேனோ, அதில் நடந்தது இவ்வளவுதான். மாமியை நான் மன்னித்துவிட்டேன் என்று நினையாதே. அது வேறு கதை. ஆனால் உன்னுடைய காரியத்தில் அவமேல் போட்ட பழியை இறக்கிவிட்டேன். வாயைத் திறந்தது அவ. வாழ்க்கையைத் திருப்பியது நான்.

எனக்குப் படிப்பைப் பற்றிப் புத்தி சொல்ல அருகதை இல்லை. நீ அந்தப் பிள்ளைக்குச் சொன்னதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், அது உன்னுடைய சொல். ஐ.சி.யு.வுக்குப் போ. கெமிஸ்ரியை மறுபடி எடு. அந்த மாஸ்ரர்ஸைப் பற்றி அவர்கள் கேட்டால், என்னுடைய விசர் முடிவு என்று சொல்லாதே. அம்மாவின் முடிவு என்று சொல். எனக்கு வயது போய்விட்டது என்பதை உனக்குக் காரணமாக எடுக்காதே. வயது போனது எனக்கு. அங்கே இடம் கிடைத்து, மூன்று வருஷமோ என்னமோ நீங்கள் எல்லையைக் கடந்து போகவேண்டி வந்தால் போங்கள். பேத்தியை விட்டிட்டுப் போங்கோ என்றும் கேட்கமாட்டேன், கூட்டிக்கொண்டு போங்கோ. நான் தனியாக இருந்து பழகுவேன். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கமுடியாமல் போனால், அதைக் கணக்கில் வைக்கமாட்டேன். வைக்கப் பார்ப்பேன், என் குணம் அப்படி, ஆனால் உனக்குச் சொல்லிக்காட்டமாட்டேன்.

மருமகளிடம் நான் நேரே பேசுவேன். அச்சகத்தில் அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அவளுடைய வாயை அடைத்தேன். எங்கள் ஆட்களை அவளுக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்குத்தான் என்னுடைய ஆளைத் தெரியவில்லை.

"பரவாயில்லை அம்மா" என்று மட்டும் எழுதாதே, சொல்லாதே. பரவாயில்லாமல் இருந்தால் நீ அன்றைக்கு அந்தச் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருக்கமாட்டாய். நீ திரும்பிப் போனாலும் விட்ட வருஷங்கள் விட்டவைதான். உனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இப்போது உனக்கு முன்னால் நிற்கிறார்கள். அதை நான் எப்படியும் ஈடு செய்யமுடியாது, ஈடு செய்ததாக நடிக்கவும் விருப்பமில்லை. நான் கோபத்தை மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இந்தக் கோபம் என்மேல். இதை நான் வைத்திருக்கப்போகிறேன். இதை விடச் சொல்லி என்னிடம் கேளாதே, வேறு யார்மேல் வைத்திருந்ததையும்விட இதில் நியாயம் இருக்கிறது.

இன்றைக்குப் புதன்கிழமை, இதைப் படம் எடுத்து இப்போதே வட்ஸ்அப்பில் உனக்கு அனுப்புகிறேன். அந்தப் பொறுப்பாளர் பிள்ளைக்கு நாளைக்கே போன் எடு, வெள்ளிக்கிழமைவரை இழுக்காதே. "ஓம்" என்று சொல். எனக்குச் சொல்வது பிறகு. முதலில் அவவுக்குச் சொல்லு.

உன்னுடைய
அம்மா